கதவு தட்டப்படும்போது: அமெரிக்கத் தமிழ் வாசகர்களின் கேள்விகளும் பதில்களும்

இந்த முறை வந்த கடிதங்களில் பெரும்பாலானவை ஒரே விஷயத்தைப் பற்றியவை. அமெரிக்காவின் குடியேற்ற, சுங்க அமலாக்கத் துறையினர், அதாவது எல்லோரும் 'ஐஸ்' என்று குறிப்பிடும் துறையினர், வீட்டுக்கோ வேலையிடத்துக்கோ வந்தால் என்ன செய்வது, பிடித்துச் செல்லப்பட்டவரை எங்கே தேடுவது, யாரிடம் உதவி கேட்பது என்று பலரும் கேட்டிருக்கிறார்கள். பல ஆண்டுகளாகக் குடியேற்ற வழக்குகளில் தமிழுக்கும் ஆங்கிலத்துக்கும் இடையே மொழிபெயர்த்து வருபவள் என்ற முறையில் நான் கண்டதையும், வழக்கறிஞர்களிடம் கேட்டுக் கற்றதையும் வைத்து இந்தப் பதில்களை எழுதுகிறேன். நான் வழக்கறிஞர் அல்ல. இங்கே இருப்பவை பொதுவான விவரங்கள். உங்கள் வழக்கில் உங்கள் தாள்களைப் படித்துப் பார்த்த வழக்கறிஞர் சொல்வதையே பின்பற்றுங்கள். கேள்வி அனுப்பியவர்களின் பெயர்களை அவர்களுடைய பாதுகாப்புக்காக வெளியிடவில்லை.

கேள்வி: எங்கள் அடுக்குமாடிக் குடியிருப்பில் சென்ற மாதம் இரண்டு வீடுகளின் கதவை ஐஸ் அதிகாரிகள் தட்டினார்கள். என் கணவர் எச்-1பி விசாவில் வேலை செய்கிறார். "நம்மிடம் எல்லாத் தாள்களும் சரியாக இருக்கின்றன, கதவைத் திறந்து காட்டிவிட்டால் போயிற்று" என்கிறார். எனக்கோ பயமாக இருக்கிறது. யார் சொல்வது சரி? (நியூ ஜெர்சி வாசகி)

பதில்: தாள்களைத் தயாராக வைத்திருக்க வேண்டும் என்பதில் உங்கள் கணவர் சொல்வது சரி. கதவைத் திறக்கும் விஷயத்தில் நீங்கள் தயங்குவது சரி.

அமெரிக்க அரசியலமைப்பின் நான்காவது திருத்தம் வீட்டுக்குத் தரும் பாதுகாப்பு, குடியுரிமை உள்ளவருக்கு மட்டும் உரியது என்று நம்மில் பலர் நினைக்கிறோம். அப்படியில்லை. வீட்டுக்குள் நுழைந்து கைது செய்ய வேண்டுமானால், அவசர நிலை ஏதும் இல்லாதபோது, நீதிமன்றத்தின் வாரண்ட் வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 1980-இல் பேட்டன் வழக்கில் சொன்னது. அந்தப் பாதுகாப்பு வீட்டுக்குள் இருக்கும் எவருக்கும் உண்டு. ஆனால் நீங்களே கதவைத் திறந்து உள்ளே வரச் சம்மதித்துவிட்டால் வாரண்டின் தேவை அங்கேயே முடிந்துபோகிறது. சம்மதம் என்பது கையெழுத்துப் போட்டுத் தருவது மட்டுமன்று. கதவை அகலத் திறந்து ஒதுங்கி நிற்பதையும் சம்மதமாகக் கொள்ளலாம். ஊரிலிருந்து பேரப்பிள்ளைகளைப் பார்க்க வந்திருக்கும் தாத்தா பாட்டியரை நினைத்துத்தான் இதை அழுத்திச் சொல்கிறேன். வாசலில் நிற்பவர் யாராக இருந்தாலும் கதவைத் திறப்பதே மரியாதை என்று பழகியவர்கள் அவர்கள். ஆங்கிலத்தில் என்ன கேட்கிறார்கள் என்று புரியாமலே அவர்கள் தலையை அசைத்தால், அது "சரி" என்று எடுத்துக்கொள்ளப்படும். பகலில் வீட்டில் தனியாக இருப்பவர்களும் அவர்களே. ஆகவே முதலில் அவர்களிடம் பேசுங்கள்.

வாரண்டில் இரண்டு வகை உண்டு. நீதிமன்ற வாரண்டின் தலைப்பில் நீதிமன்றத்தின் பெயர் இருக்கும். நீதிபதியோ மாஜிஸ்திரேட்டோ கையெழுத்திட்டிருப்பார். தேடுதல் வாரண்ட் என்றால் எந்த முகவரியில் எதைத் தேடலாம் என்பதும் எழுதப்பட்டிருக்கும். நிர்வாக வாரண்ட் என்பது உள்நாட்டுப் பாதுகாப்புத் துறையின் படிவம். பெரும்பாலும் ஐ-200 அல்லது ஐ-205 என்று எண் போட்டிருக்கும். அதில் கையெழுத்திட்டிருப்பவர் குடியேற்ற அதிகாரி, நீதிபதி அல்லர். இந்த இரண்டாவது வகையைக் காட்டி, உங்கள் சம்மதமின்றி வீட்டுக்குள் வர முடியாது என்பதே நெடுங்காலமாக இருந்துவரும் புரிதல். இறுதி வெளியேற்ற ஆணை பெற்றவர்களின் வீட்டுக்குள் ஐ-205 படிவத்தைக் கொண்டே நுழையலாம் என்று 2025 மே மாதத்து உள்சுற்றறிக்கை ஒன்று கூறுவதாக 2026 ஜனவரியில் செய்தி வெளியானது. குடியேறியோர் உரிமை வழக்கறிஞர்கள் இதைக் கடுமையாக எதிர்க்கிறார்கள். எனவே உரிமை உங்கள் பக்கம் இருந்தாலும் அதிகாரிகள் நுழைந்துவிடக்கூடும் என்பதை மனத்தில் வைத்துத்தான் நடந்துகொள்ள வேண்டும்.

நடைமுறை இதுதான். கதவைத் திறக்காமலே யார் என்று கேளுங்கள். "போலீஸ்" என்று மட்டும் சொன்னால் எந்தத் துறை என்று கேளுங்கள். ஐஸ் அதிகாரிகள் தங்களை அப்படிச் சொல்லிக்கொள்வது வழக்கத்தில் உண்டு. வாரண்ட் இருந்தால் கதவுக்கு அடியில் தள்ளவோ ஜன்னல் கண்ணாடியில் வைத்துக் காட்டவோ சொல்லுங்கள். நீதிபதியின் கையெழுத்து இல்லையென்றால், "ஐ டு நாட் கன்சென்ட் டு யுவர் என்ட்ரி" என்று கதவுக்குப் பின்னாலிருந்தே தெளிவாகச் சொல்லுங்கள். இந்த ஒரு வாக்கியத்தைப் பாட்டியும் மனப்பாடம் செய்துகொள்ளலாம். சான் பிரான்சிஸ்கோவில் உள்ள குடியேறியோர் சட்ட வள மையம் 'சிவப்பு அட்டை' என்ற ஒன்றைப் பல மொழிகளில் அச்சிட்டுத் தருகிறது. பேச முடியாதவர்கள் அதைக் கதவுக்கு அடியில் தள்ளினாலே போதும், சொல்ல வேண்டியது அதில் இருக்கிறது. எதையும் மீறி உள்ளே வந்துவிட்டால் தடுக்காதீர்கள், தள்ளாதீர்கள், ஓடாதீர்கள். சம்மதிக்கவில்லை என்பதை மட்டும் மறுபடியும் சொல்லுங்கள். அந்தச் சொல் பின்னால் நீதிமன்றத்தில் உங்களுக்காக நிற்கும்.

இனி தாள்கள். 18 வயது நிறைந்த, குடியுரிமை இல்லாத ஒவ்வொருவரும் தம் பதிவு ஆவணத்தை எப்போதும் உடன் வைத்திருக்க வேண்டும் என்று சட்டமே சொல்கிறது. கிரீன் கார்டு உள்ளவர்களுக்கு அது அந்த அட்டை. உங்கள் கணவருக்கு ஐ-94, அதாவது நாட்டுக்குள் வந்ததையும் எதுவரை தங்கலாம் என்பதையும் காட்டும் பதிவு. இங்கேயே விசாக்காலத்தை நீட்டித்திருந்தால், ஐ-797 ஒப்புதல் தாளின் அடிப்பகுதியில் இருக்கும் ஐ-94. எச்-1பி ஊழியரின் துணைவருக்கான எச்-4 விசாவில் நீங்கள் இருந்தால் உங்களுக்கும் இது பொருந்தும். வெளியிடத்தில் குடியேற்ற அதிகாரி கேட்டால் இதைக் காட்டிவிட்டு, மற்றக் கேள்விகளுக்கு வழக்கறிஞரோடு பேசிய பிறகே பதில் சொல்வதாகக் கூறலாம். பொய் மட்டும் கூடாது. குறிப்பாக, குடியுரிமை உண்டு என்று பொய் சொன்னால், வாழ்நாள் முழுவதும் கிரீன் கார்டு பெற முடியாமலே போகலாம்.

கேள்வி: நான் டல்லாஸ் அருகே முதுநிலைப் பட்டப்படிப்புப் படிக்கும் மாணவன். கார் ஓட்டும்போது உள்ளூர் போலீஸ் நிறுத்தி, குடியேற்ற நிலை பற்றிக் கேட்டால் பதில் சொல்ல வேண்டுமா? (டெக்சஸ் வாசகர்)

பதில்: ஓட்டுநர் உரிமம், வண்டிப் பதிவு, காப்பீடு ஆகியவற்றைக் காட்டியே ஆக வேண்டும். எங்கே பிறந்தீர்கள், எப்படி வந்தீர்கள் என்ற கேள்விகளுக்கு மௌனமாக இருக்கும் உரிமை உண்டு. "ஆம் ஐ ஃப்ரீ டு கோ?" என்று கேளுங்கள், ஆமென்றால் அமைதியாகக் கிளம்புங்கள்.

ஆனால் நீங்கள் இருக்கும் மாநிலத்தையும் கணக்கில் கொள்ள வேண்டும். கலிபோர்னியாவில் 2017-இல் கையெழுத்தான சட்டம் உள்ளூர் போலீஸ் ஐஸ் துறைக்கு உதவுவதைக் கட்டுப்படுத்துகிறது. டெக்சஸில் அதே ஆண்டு வந்த எஸ்.பி. 4 சட்டம் அதற்கு நேர்மாறாக, ஒத்துழைக்காத உள்ளூர் அமைப்புகளைத் தண்டிக்கிறது. உங்கள் ஊரில் ஒரு சாதாரணக் கைதுகூடக் கவுண்டிச் சிறைவரை போனால், அங்கிருந்து விடுவிக்கப்பட வேண்டிய நேரத்துக்கு மேலும் 48 மணி நேரம்வரை பிடித்து வைக்கச் சொல்லி ஐஸ் கேட்கலாம். சனி, ஞாயிறும் விடுமுறைகளும் அந்தக் கணக்கில் சேராது. ஆகவே, "சின்ன வழக்குதானே, ஒப்புக்கொண்டு அபராதம் கட்டிவிடலாம்" என்று ஒருபோதும் அவசரப்படாதீர்கள். குற்ற வழக்கில் ஒப்புதல் வாக்குமூலம் கொடுத்தால் குடியேற்ற நிலை என்னாகும் என்று கட்சிக்காரருக்குச் சொல்வது வழக்கறிஞரின் கடமை என்று 2010-இல் பாடில்லா வழக்கில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்திருக்கிறது. அந்தக் கேள்வியை உங்கள் வழக்கறிஞரிடம் நீங்களே எழுப்புங்கள்.

2025 வசந்த காலத்தில் ஆயிரக்கணக்கான வெளிநாட்டு மாணவர்களின் செவிஸ் பதிவுகள், அதாவது அவர்களைப் பற்றி அரசு வைத்திருக்கும் கணினிப் பதிவுகள், திடீரென நீக்கப்பட்டதும், வழக்குகள் குவிந்த பிறகு ஏப்ரல் இறுதியில் அவற்றைத் திரும்பச் சேர்ப்பதாக அரசு அறிவித்ததும் உங்களுக்கு நினைவிருக்கும். மாணவர் விசாவுக்காகக் கல்லூரி தரும் ஐ-20 படிவத்தின் அண்மைப் பிரதியையும், கல்லூரியின் வெளிநாட்டு மாணவர் அலுவலகத்தின் எண்ணையும் கையில் வைத்திருங்கள்.

கேள்வி: யாழ்ப்பாணத்திலிருந்து வந்து புகலிடம் கோரியிருக்கும் என் தம்பியை மூன்று நாட்களுக்கு முன்னர் பிடித்துவிட்டார்கள். எங்கே வைத்திருக்கிறார்கள் என்றே தெரியவில்லை. இணையத்தில் தேடினால் அவருடைய பெயர் வரவில்லை. தூதரகத்தைக் கேட்கலாமா? வெளியே சொன்னால் அவருக்கு மேலும் ஆபத்தாகிவிடுமோ என்று இதுவரை ஒருவருக்கும் சொல்லவில்லை. (கலிபோர்னியா வாசகி)

பதில்: அக்கா, மூன்று நாட்கள் தனியாக இந்தப் பாரத்தைச் சுமந்திருக்கிறீர்கள். இனி அந்த மௌனம் வேண்டாம். உங்கள் கடிதம் கிடைத்த அன்றே உங்களுக்குத் தனியாகவும் பதில் அனுப்பினேன். இதே நிலைமையில் இருக்கும் மற்றவர்களுக்காக இங்கே விரிவாக எழுதுகிறேன்.

முதலில் தேடும் முறை. ஐஸ் துறையின் இணையதளத்தில் பிடித்து வைக்கப்பட்டவர்களைத் தேடும் பக்கம் ஒன்று இருக்கிறது. 'ஏ' என்ற எழுத்தில் தொடங்கும் அந்நியர் பதிவு எண்ணையும் பிறந்த நாட்டையும் கொடுத்துத் தேடுவதே நிச்சயமான வழி. அந்த எண் தம்பியின் புகலிட விண்ணப்ப ரசீதிலும், நீதிமன்ற அழைப்பாணையிலும், வேலை அனுமதி அட்டையிலும் இருக்கும். எண் கிடைக்காவிட்டால் பெயரைக் கொண்டு தேட வேண்டும். தமிழர்களுக்குச் சிக்கல் தொடங்குவதே அங்கேதான். எழுத்துக்கு எழுத்து பொருந்தினால்தான் அந்தப் பக்கம் விடை தரும். நம் தகப்பன் பெயர் கடவுச்சீட்டில் குடும்பப் பெயராக ஏறியிருக்கும். அதிகாரி அதையே முதற்பெயராகப் பதிந்திருப்பார். ஒரே பெயருள்ளவருக்கு முதற்பெயர் இருக்க வேண்டிய இடத்தில் 'எஃப்.என்.யூ.' என்று, அதாவது முதற்பெயர் தெரியாது என்று, விழுந்திருக்கும். நீளமான பெயர் நடுவில் இரண்டாக உடைந்திருக்கும். எனவே பெயரை முன்பின்னாக மாற்றி, உடைத்து, சேர்த்து, எஃப்.என்.யூ. போட்டு என எல்லா வகையிலும் தேடுங்கள். இரண்டு நாள் கிடைக்காத பெயர், தகப்பன் பெயரை முன்னே போட்டதும் ஒரே நொடியில் வந்து நின்றதை நான் பக்கத்தில் இருந்து பார்த்திருக்கிறேன். 18 வயதுக்குக் கீழ்ப்பட்டவர்களின் பெயர் அதில் வராது. அப்போதும் கிடைக்கவில்லையென்றால், அந்தப் பகுதிக்கான ஐஸ் அலுவலகத்துக்குத் தொலைபேசியில் கேளுங்கள். வழக்கின் அடுத்த தேதியை அறிய, குடியேற்ற நீதிமன்றத்தின் தானியங்கி எண் 1-800-898-7180. பதிவு எண்ணை அழுத்தினால் போதும்.

ஏன் அவசரம் என்று சொல்கிறேன். பிடித்து வைக்கப்பட்டவர்களைச் சில நாட்களுக்குள்ளேயே டெக்சஸுக்கோ லூசியானாவுக்கோ மாற்றிவிடுவது வழக்கமாகியிருக்கிறது. தடுப்புக்காவலை எதிர்த்துக் கூட்டாட்சி நீதிமன்றத்தில் போடப்படும் ஹேபியஸ் கார்ப்பஸ் மனுவை, நம் நாளேடுகளில் நாம் படித்துப் பழகிய அதே ஆட்கொணர்வு மனுவை, பொதுவாக அவர் அடைக்கப்பட்டிருக்கும் இடத்துக்குரிய நீதிமன்றத்தில்தான் போட வேண்டும். கலிபோர்னியாவில் இருக்கும்போதே மனு பதிவாகிவிட்டால், பிறகு வேறு மாநிலத்துக்கு மாற்றினாலும் வழக்கு பெரும்பாலும் அங்கேயே நடக்கும். வெளியே தெரிந்தால் மானம் போய்விடும், ஆபத்து வந்துவிடும் என்று குடும்பங்கள் மறைத்து வைக்கும் அந்த முதல் சில மணி நேரங்கள் வழக்கறிஞருக்குப் பொன் போன்றவை. என் அனுபவத்தில் நம் மக்கள் அதிகம் இழப்பது அங்கேதான்.

பிணை பற்றி: சட்டப்படி குறைந்தபட்சப் பிணைத்தொகை 1,500 டாலர், நடைமுறையில் அதைவிட மிகுதியாகவே கேட்கப்படுகிறது. எல்லையில் அனுமதி பெறாமல் நுழைந்தவர்களுக்குப் பிணை வழங்கக் குடியேற்ற நீதிபதிகளுக்கு அதிகாரமில்லை என்று 2025 செப்டம்பரில் குடியேற்ற மேல்முறையீட்டு வாரியம் தீர்ப்பளித்தது. அதை எதிர்த்துப் போடப்பட்ட ஆட்கொணர்வு மனுக்களைப் பல கூட்டாட்சி நீதிபதிகள் ஏற்றிருக்கிறார்கள். எல்லா நீதிமன்றங்களும் ஒரே கருத்தில் இல்லை. உங்கள் தம்பி எப்படி நுழைந்தார் என்பதைப் பொறுத்து வழக்கறிஞர் எடுக்கும் வழி மாறும்.

தம்பியோடு பேச முடிந்தால் சொல்ல வேண்டியவை இரண்டு. தனக்குப் புரியாத எந்தத் தாளிலும் கையெழுத்துப் போடக் கூடாது. தானாக நாட்டைவிட்டுப் போவதாகவோ நீதிபதி முன் செல்லும் உரிமையைக் கைவிடுவதாகவோ அதில் எழுதியிருக்கலாம். இலங்கைக்குத் திரும்பப் பயமாக இருக்கிறது என்பதை, கேட்கும் ஒவ்வோர் அதிகாரியிடமும் வெளிப்படையாகச் சொல்ல வேண்டும். சித்திரவதைக்கு ஆளானவர்கள் அதை வெட்கத்தினாலோ வேதனையினாலோ விழுங்கிவிடுகிறார்கள். 2017-இல் மெக்சிகோ எல்லையிலிருந்து 25 கெஜ தூரத்துக்குள் பிடிபட்ட விஜயகுமார் துரைசிங்கம் என்ற ஈழத்தமிழரின் வழக்கு உச்ச நீதிமன்றம்வரை போனது. நீதிபதி முன் நிறுத்தாமலே திருப்பி அனுப்பிவிடும் விரைவு வெளியேற்ற முறையில் பிடிபட்ட அவருடைய அச்சத்தை அதிகாரிகள் ஏற்காததைக் கூட்டாட்சி நீதிமன்றம் ஆட்கொணர்வு மனுவில் மறுஆய்வு செய்யத் தேவையில்லை என்று 2020 ஜூனில் தீர்ப்பு வந்தது. முதல் நேர்காணலில் விடுபட்டதைப் பின்னால் மேல் நீதிமன்றத்தில் சரிசெய்துகொள்ளலாம் என்று நம்பி இருக்க முடியாது என்பதற்கு நம்மவர் ஒருவரின் பெயரிலேயே வழக்கு இருக்கிறது.

மொழியைப் பற்றியும் சொல்ல வேண்டும். குடியேற்ற நீதிமன்றத்தில் தமிழ் மொழிபெயர்ப்பாளரை நீதிமன்றமே இலவசமாகத் தர வேண்டும். வருபவரின் தமிழ் தம்பிக்குப் புரியவில்லை என்றால், உடனே நீதிபதியிடம் சொல்லலாம். தமிழ்நாட்டிலிருந்து வந்த நானே, யாழ்ப்பாணத்துப் பேச்சில் வந்த சில சொற்களை நிறுத்திக் கேட்டுத் தெளிவுபடுத்திக்கொண்டிருக்கிறேன். அப்படிக் கேட்காமல் கடந்துபோகிற மொழிபெயர்ப்பாளரால் ஒரு வாழ்க்கையே திசைமாறிவிடக்கூடும். ஆனால் தடுப்புக்காவலில் இல்லாதவர்கள் குடியுரிமை, குடியேற்றச் சேவைத் துறை அலுவலகத்தில் தரும் புகலிட நேர்காணலுக்கு மொழிபெயர்ப்பாளரைத் தாங்களே அழைத்துச் செல்ல வேண்டும். 2023 செப்டம்பர் முதல் அந்தப் பழைய விதி திரும்பிவிட்டது.

தூதரகம் வேண்டாம். 1963-ஆம் ஆண்டு வியன்னா உடன்படிக்கையின்படி, கைதான வெளிநாட்டவர் தம் நாட்டுத் தூதரகத்தோடு தொடர்புகொள்ளலாம் என்பது ஓர் உரிமை. அது அவருடைய விருப்பத்தைப் பொறுத்தது, கட்டாயமன்று. இந்தியாவிலிருந்து வந்து விசாச் சிக்கலில் மாட்டிய ஒருவருக்கு வாஷிங்டனில் உள்ள தூதரகமோ நியூயார்க், சிகாகோ, ஹூஸ்டன், அட்லாண்டா, சான் பிரான்சிஸ்கோ, சியாட்டில் நகரங்களில் உள்ள துணைத் தூதரகங்களோ கைகொடுக்கலாம். எந்த அரசுக்குப் பயந்து ஓடி வந்தாரோ அதே அரசின் அலுவலகத்தில் உங்கள் தம்பியைப் பற்றி விசாரிப்பது வேறு விஷயம். புகலிட விண்ணப்பத்தின் விவரங்களை அவர் நாட்டு அரசுக்கு வெளியிடக் கூடாது என்று அமெரிக்க விதியே இருக்கிறது. அந்தப் பாதுகாப்பை நாமே உடைத்துவிடக் கூடாது.

கேள்வி: எங்கள் இரண்டு பிள்ளைகளும் இங்கே பிறந்தவர்கள். எங்கள் இருவரையும் ஒரே நாளில் பிடித்துவிட்டால் அவர்கள் கதி என்ன? இதை எண்ணி இரவில் தூக்கம் வருவதில்லை. (ஜார்ஜியா வாசகர்)

பதில்: இரவில் எண்ணிக்கொண்டிருப்பதை ஒரு சனிக்கிழமைக் காலையில் உட்கார்ந்து தாளில் எழுதிவிடுங்கள். பயம் முழுவதும் போகாது. ஆனால் பிள்ளைகளுக்கு ஒரு வழி இருக்கும்.

பள்ளியில் கொடுத்திருக்கும் அவசரத் தொடர்புப் பட்டியலை இன்றே பாருங்கள். அதில் உங்கள் இருவரின் பெயர் மட்டும் இருந்தால், குடியேற்ற நிலையில் சிக்கலில்லாத, பிள்ளைகளுக்குப் பழக்கமான ஒருவரின் பெயரைச் சேருங்கள். தற்காலிகமாகப் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் அதிகாரத்தை நோட்டரி முன்னிலையில் எழுதித் தரப் பல மாநிலங்களில் வழியுண்டு. படிவமும் பெயரும் மாநிலத்துக்கு மாநிலம் வேறுபடும் என்பதால், உங்கள் மாநிலத்துக்குரியதை வழக்கறிஞரிடம் கேட்டு வாங்குங்கள். வங்கிக் கணக்கு, கார், வீட்டு வாடகை ஆகியவற்றுக்குத் தனியே பொது அதிகாரப் பத்திரம் தேவைப்படும்.

பிள்ளைகளின் அமெரிக்கப் பாஸ்போர்ட்டை இப்போதே வாங்கிவிடுங்கள். 16 வயதுக்குக் குறைந்தவருக்குப் பெற்றோர் இருவரின் சம்மதமும் வேண்டும் என்பதால், ஒருவர் தடுப்புக்காவலில் இருக்கும்போது அது பெரும்பாடாகிவிடும். அமெரிக்கக் குடியுரிமை உள்ள அந்தப் பிள்ளைகள் உங்களோடு இந்தியாவுக்கு வர நேர்ந்தால், வெளிநாட்டுக் குடியுரிமை உள்ள இந்திய வம்சாவளியினருக்கான ஓ.சி.ஐ. அட்டையோ விசாவோ வேண்டும் என்பதையும் பலர் கடைசி நேரத்தில்தான் நினைக்கிறார்கள். பிறப்புச் சான்றிதழ், தடுப்பூசிப் பதிவு, உங்கள் இருவரின் பதிவு எண்கள், வரித் தாள்கள், இந்த நாட்டில் இரண்டு ஆண்டுகளுக்கு மேல் இருந்ததைக் காட்டும் வாடகை ரசீதுகள் எல்லாவற்றையும் ஒரே பையில் போட்டு, எங்கே இருக்கிறது என்று நம்பிக்கையானவருக்குச் சொல்லுங்கள். அந்த இரண்டாண்டுக் கணக்கைச் சேர்த்திருப்பதற்குக் காரணம் இருக்கிறது: நீதிபதி முன் நிறுத்தாமலே அனுப்பிவிடும் விரைவு வெளியேற்ற முறையை, அனுமதியின்றி நுழைந்து இரண்டாண்டு நிறையாதவர்கள் மீது நாடு முழுவதும் பயன்படுத்த 2025 ஜனவரி முதல் அரசு முயன்று வருகிறது, அது நீதிமன்ற வழக்கில் இருக்கிறது.

பள்ளிகளுக்கும் வழிபாட்டிடங்களுக்கும் அருகில் நடவடிக்கை எடுப்பதைக் கட்டுப்படுத்தியிருந்த கொள்கை 2025 ஜனவரியில் நீக்கப்பட்டது. ஆயினும் எந்தப் பிள்ளைக்கும் குடியேற்ற நிலையைக் காட்டி அரசுப் பள்ளிக்கல்வியை மறுக்கக் கூடாது என்ற 1982-ஆம் ஆண்டு பிளைலர் தீர்ப்பு நிலைத்திருக்கிறது. பிள்ளைகளைப் பள்ளியிலிருந்து நிறுத்திவிடாதீர்கள். வயதுக்கேற்ப அவர்களிடம் பேசுங்கள்; அம்மாவோ அப்பாவோ வரத் தாமதமானால் யாரோடு போக வேண்டும், எந்த எண்ணை மனப்பாடமாகச் சொல்ல வேண்டும் என்ற அளவுக்குத் தெரிந்தால் போதும்.

கேள்வி: சிகாகோ அருகே சிறிய உணவகம் நடத்துகிறேன். அதிகாரிகள் வந்தால் சமையலறைக்குள் விட வேண்டுமா? (இல்லினாய் வாசகர்)

பதில்: வாடிக்கையாளர்கள் உட்காரும் கூடத்துக்குள் யாரும் வரலாம், அதிகாரிகளும் வரலாம். சமையலறை, கிடங்கு, அலுவலக அறை ஆகியவற்றுக்குள் வர நீதிபதி கையெழுத்திட்ட வாரண்டோ உங்கள் சம்மதமோ வேண்டும். கதவில் 'ஊழியர்கள் மட்டும்' என்று எழுதி ஒட்டுங்கள்; நீங்கள் இல்லாதபோது யார் பேசுவது என்று முன்பே தீர்மானியுங்கள். ஊழியர்களுக்கு வேலை செய்யும் தகுதி உண்டு என்பதைச் சரிபார்த்து நீங்கள் நிரப்பி வைத்திருக்கும் ஐ-9 படிவங்களைக் கேட்டு அறிவிப்பு வந்தால், ஒப்படைக்க மூன்று வேலைநாட்கள் உண்டு. அன்றே அள்ளிக் கொடுத்துவிடாமல் வழக்கறிஞரை அழையுங்கள். ஊழியர்களை ஓடச் சொல்லாதீர்கள், ஒளித்து வைக்காதீர்கள், அவர்களுக்காகப் பொய் சொல்லாதீர்கள். பேசாமலிருக்கும் உரிமை அவர்களுக்கு உண்டு என்பதை முன்கூட்டியே சொல்லித் தருவது குற்றமாகாது.

கேள்வி: 'இமிக்ரேஷன் கன்சல்டன்ட்' என்று சொல்லிக்கொண்ட ஒருவர் நாலாயிரம் டாலர் வாங்கிக்கொண்டார். இப்போது தொலைபேசியை எடுப்பதில்லை. நம்பகமான உதவியை எங்கே தேடுவது? (நியூயார்க் வாசகி)

பதில்: உங்களைப் போல ஏமாந்தவர்கள் எத்தனையோ பேர், இதில் வெட்கப்பட ஏதுமில்லை. குடியேற்ற வழக்கில் சட்ட ஆலோசனை சொல்லவும் உங்களுக்காக முன்னிற்கவும் இரண்டு வகையினருக்கே பொதுவாக அதிகாரம் உண்டு. ஒருவர், ஏதேனும் ஒரு மாநிலத்தில் உரிமம் பெற்ற வழக்கறிஞர். அவர் பெயரை அந்த மாநில வழக்கறிஞர் பதிவேட்டில் நீங்களே பார்த்துக்கொள்ளலாம். மற்றவர், நீதித் துறை அங்கீகரித்த தொண்டு நிறுவனத்தில் பணிபுரியும், அத்துறையின் சான்று பெற்ற பிரதிநிதி. நோட்டரியும் வரி தயாரிப்பவரும் பயண முகவரும் இதில் சேர மாட்டார்கள். உங்கள் பெயரில் அவர் எதையாவது அனுப்பியிருந்தால், அதன் பிரதியை அரசிடமே கேட்டு வாங்க வழியுண்டு. அதில் பொய்த் தகவல் இருந்தால் புதிய வழக்கறிஞர் முதலில் பார்க்க வேண்டியது அதைத்தான். ரசீதுகளோடு உங்கள் மாநில அட்டர்னி ஜெனரல் அலுவலகத்தில் புகார் கொடுங்கள்.

குற்ற வழக்கைப் போலக் குடியேற்ற வழக்கில் அரசுச் செலவில் வழக்கறிஞர் கிடையாது. நியூயார்க்கில் 2013-இல் தொடங்கிய திட்டமொன்று, தடுப்புக்காவலில் உள்ள, வசதியற்றவர்களுக்கு இலவச வழக்கறிஞரைத் தருகிறது. மற்ற இடங்களில் தொண்டு நிறுவனங்களே துணை. ஒவ்வொரு குடியேற்ற நீதிமன்றமும் இலவசச் சட்ட உதவி தருவோரின் பட்டியலை வைத்திருக்கிறது; அங்கிருந்து தொடங்குங்கள். நியூயார்க்கில் லீகல் எய்ட் சொசைட்டியும், குயின்ஸில் தெற்காசியத் தொழிலாளர்களிடையே பணியாற்றும் ட்ரம் அமைப்பும், நியூ ஜெர்சியில் நூவர்க்கில் இருக்கும் அமெரிக்கன் ஃப்ரெண்ட்ஸ் சர்வீஸ் கமிட்டியும், இல்லினாயில் குடியேறியோர், அகதிகள் உரிமைக் கூட்டமைப்பும், சான் பிரான்சிஸ்கோவில் ஏஷியன் லா காகஸும், லாஸ் ஏஞ்சலஸில் சிர்லாவும், டெக்சஸில் ரைசஸும், வாஷிங்டன் மாநிலத்தில் நார்த்வெஸ்ட் இமிக்ரண்ட் ரைட்ஸ் ப்ராஜெக்டும் பல ஆண்டுகளாக இந்தப் பணியில் இருப்பவை. எல்லோரும் எல்லா வழக்கையும் எடுத்துக்கொள்ள இயலாது. ஓர் இடத்தில் மறுத்தால் அடுத்த இடத்தின் பெயரை அவர்களிடமே கேட்டு வாங்குங்கள்.

கேள்வி: எங்கள் ஊர்த் தமிழ்ச் சங்கத்தில் நிர்வாகியாக இருக்கிறேன். "நம் உறுப்பினர்கள் சட்டப்படி வந்தவர்கள், நமக்கு எதற்கு இது" என்று சிலர் சொல்கிறார்கள். சங்கம் என்ன செய்யலாம்? (வட கரோலினா வாசகர்)

பதில்: 2025 பிப்ரவரி 5 அன்று 104 இந்தியர்களை ஏற்றிக்கொண்டு அமெரிக்க ராணுவ விமானம் அமிர்தசரஸில் இறங்கியபோது, அது வேறு யாருக்கோ நடப்பது என்று நம்மில் பலர் ஒதுங்கி நின்றோம். இரண்டு மாதங்களுக்குள் செவிஸ் பதிவுகள் நீக்கப்பட்டபோது, விமானத்தில் கட்டணம் செலுத்தி வந்து இறங்கிய நம் பிள்ளைகளும் அந்தப் பட்டியலில் இருந்தார்கள். வேலை போன எச்-1பி ஊழியருக்கு 60 நாட்களே அவகாசம் என்பதையும் சங்கத்து உறுப்பினர்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. எல்லைவழி வந்தவரும் விமானத்தில் வந்தவரும் ஒரே தமிழில்தான் தம் அம்மாவிடம் பேசுகிறார்கள். அவர்களைப் பிரித்துப் பார்க்க ஒரு தமிழ்ச் சங்கத்துக்கு மனம் வரக் கூடாது என்பது என் உறுதியான கருத்து.

செய்யக்கூடியவை எளியவை. பொங்கல் விழா நடக்கும் மண்டபத்திலேயே ஒரு மணி நேரம் ஒதுக்கி, குடியேற்ற வழக்கறிஞர் ஒருவரை அழைத்து, உரிமைகளை விளக்கிப் பேசச் சொல்லுங்கள். தமிழில் ஒருவர் உடனுக்குடன் மொழிபெயர்க்கட்டும். இரவு எந்நேரமும் தொலைபேசியை எடுக்கச் சம்மதிக்கும் நான்கு தன்னார்வலர்களைத் தேர்ந்தெடுங்கள். ஈழத்துப் பேச்சை நன்கறிந்தவர் அவர்களில் ஒருவராக இருக்க வேண்டும். அருகில் உள்ள தடுப்பு மையத்தில் பார்வையாளர் நேரம் என்ன, உள்ளே இருப்பவரின் தொலைபேசிக் கணக்கில் பணம் போடுவது எப்படி என்று முன்பே விசாரித்து எழுதி வையுங்கள்.

வாட்ஸ்அப் குழுக்களில் "இன்ன கடையருகே ஐஸ் வந்திருக்கிறது" என்று வரும் செய்தியை நேரில் பார்த்தவர் சொன்னதா என்று கேட்காமல் பகிராதீர்கள். தவறான ஒரு செய்தியால் மருத்துவமனைக்குப் போக வேண்டியவரும் வீட்டிலேயே அடைந்துவிடுகிறார். பொது இடத்தில் நடப்பதை விலகி நின்று, தடையாக இல்லாமல் படம்பிடிப்பதற்கு உரிமை உண்டு. படத்தில் இடம், நேரம், வண்டி எண் ஆகியவை தெரியும்படி எடுத்து, பிடிபட்டவரின் குடும்பத்துக்கோ வழக்கறிஞருக்கோ கொடுங்கள். முகநூலில் முதலில் போடாதீர்கள். பிடிபட்டவரின் முகம் அதில் இருக்கிறது.

கடைசியாக ஒரு வேண்டுகோள். அந்த நான்கு பேரின் எண்களை அச்சிட்டுத் தரும்போது, தொலைபேசிக்குள் சேமித்தால் போதாது, மனப்பாடம் செய்யுங்கள் என்று உறுப்பினர்களிடம் சொல்லுங்கள். பிடித்துச் செல்லப்படும் ஒருவரிடமிருந்து முதலில் பறிபோவது அவருடைய கைபேசிதான்.